ஊதா மூடியா, பச்சை மூடியா? நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்ச் சோதனைகள்: வாசகர் கேள்வி பதில்

நாள்பட்ட ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் செய்யப்படும் ரத்தச் சோதனைகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். நோயாளிகளின் வீட்டார் எழுதியவையும் லேப் டெக்னீஷியன்கள் எழுதியவையும் இதில் உண்டு. மருந்து பற்றிய முடிவை உங்கள் ரத்தநோய் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் இருப்பது என்ன, அது எப்படி வந்தது, எங்கே தவறலாம் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 52. சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் வெள்ளணு 86,000 என்று வந்தது. 'மைலோசைட் 18, மெட்டாமைலோசைட் 9, பேசோஃபில் 6, பிளாஸ்ட் 2' என்று எழுதியிருக்கிறார்கள். காய்ச்சல் எதுவும் இல்லை. கொஞ்சம் சாப்பிட்டாலே இடது பக்க வயிறு கனக்கிறது என்கிறார். புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டதா? (தேனி வாசகி)

பதில்: இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைக்கிற ரிப்போர்ட்டும் அல்ல. இந்த வாரமே ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளணு இருப்பது இயல்பு. கடுமையான தொற்றில்கூட இது 50,000ஐத் தாண்டலாம். அதனால் 86,000 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கூடியிருப்பவை எந்த அணுக்கள் என்பதே கேள்வி. தொற்றில் முதிர்ந்த நியூட்ரோஃபில்களும் அவற்றுக்கு ஒரு படி முந்திய பேண்ட் அணுக்களும்தான் பெரும்பாலும் பெருகும். அவற்றுக்குள் கருத்த, தடித்த துகள்கள் தெரியும். பேசோஃபில் என்ற வெள்ளணு வகை அதிகரிக்காது. நாள்பட்ட மைலாய்டு வகையில், அதாவது சிஎம்எல்லில், ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அத்தனை பிள்ளைகளும் ஒரே மணிக்கு வாசலுக்கு வந்து நிற்பதுபோல எல்லா நிலை அணுக்களும் ரத்தத்தில் இருக்கும். அதிலும் பாதி வளர்ந்த மைலோசைட் ஒரு கூட்டமாகவும் முதிர்ந்த நியூட்ரோஃபில் இன்னொரு கூட்டமாகவும் நிற்கும்.

உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் எங்கள் கண் முதலில் போனது பேசோஃபில் 6 என்ற இடத்துக்கு. சாதாரணமாக அது 0 அல்லது 1தான். தொற்றில் இப்படி ஏறுவது அரிது. இடது விலாவுக்குக் கீழே கனப்பது மண்ணீரல் வீங்கியதாலாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்தால் சிஎம்எல் சந்தேகம் வலுவாகிறது. பிளாஸ்ட், அதாவது மிக இளம் அணு, 2 சதவீதம் என்பது ஆறுதலான செய்தி. அது 10க்குக் கீழே இருக்கும்வரை நோய் ஆரம்பநிலையில், அதாவது நாள்பட்ட கட்டத்தில் இருப்பதாகக் கொள்வார்கள்.

நோயின் பெயரை உறுதிசெய்வது மரபணுச் சோதனை. 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் இந்த நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த குட்டை அது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த மாற்றத்தில் ஒட்டிப்போகும் இரண்டு மரபணுக்களின் பெயர்தான் பிசிஆர்-ஏபிஎல். தமிழில் எழுதும்போது இந்த மரபணுவின் பெயரும் சோதனை முறையின் பெயரும் 'பிசிஆர்' என்று ஒன்றுபோலவே வந்து குழப்பும். அதனால் மரபணுவை பிசிஆர்-ஏபிஎல் என்றும் சோதனையை ஆர்டி-பிசிஆர் என்றும் இங்கே எழுதுகிறோம். பிசிஆர்-ஏபிஎல் இருந்தால் சிஎம்எல் உறுதி. இல்லையென்றால் வேறு நோய்களைத் தேட வேண்டும். அப்போது ஜேஏகே2 போன்ற மரபணுக்களைப் பார்ப்பார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வெள்ளணுவை இறக்க ஹைட்ராக்சியூரியா மாத்திரையை மருத்துவர் உடனே தொடங்கக்கூடும். முதல் மாத்திரைக்கு முன்பே மரபணுச் சோதனைகளுக்கான ரத்தம் எடுத்தாக வேண்டும். மண்ணீரல் விலாவுக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, தட்டணு எவ்வளவு, பிளாஸ்ட் எவ்வளவு என்ற மூன்றும் அன்றே கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். நோயின் வீரியத்தைக் கணக்கிடும் சோக்கல் மதிப்பெண்ணுக்கு வயதோடு சேர்த்து இவைதான் வேண்டும். மருந்து தொடங்கிய பிறகு இந்த அளவுகள் மாறிவிடும், திரும்ப எடுக்க முடியாது.

பயப்படுவதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப் மாத்திரை இந்த நோயின் போக்கையே மாற்றிவிட்டது. அதன் காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்றே தீர்ப்பளித்தது. இன்று இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் மாத்திரையே இங்கே கிடைக்கிறது.

கேள்வி: எங்களிடம் இருப்பது சிறிய மூன்று-பகுதி செல் கவுன்டர். நேற்று ஒரு சாம்பிளை ஓட்டியபோது வெள்ளணு எண்ணே வரவில்லை, குறிகள் மட்டும் வந்தன. இரண்டாவது முறையும் அப்படியே. ஹீமோகுளோபின் 11.8 காட்டுகிறது, ஆளைப் பார்த்தால் வெளுத்துப் போயிருக்கிறார். எதை நம்பி ரிப்போர்ட் கொடுப்பது? (பரமக்குடி, லேப் டெக்னீஷியன்)

பதில்: ஆளைப் பார்த்தீர்களே, அதை நம்புங்கள். கருவியை மீறிச் சந்தேகப்பட்டது சரியான வேலை.

சிறிய கருவிகள் பலவற்றில் வெள்ளணு எண்ணும் எல்லை 1 லட்சத்தை ஒட்டி முடிந்துவிடும். உங்கள் கருவியின் எல்லை கையேட்டில் இருக்கும், அதைப் பார்த்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தாண்டினால் நீர்த்துத்தான் ஓட்ட வேண்டும். 50 மைக்ரோலிட்டர் ரத்தத்துடன் கருவிக்கே உரிய டைல்யூவென்ட் 200 மைக்ரோலிட்டர் சேர்த்தால் ஐந்தில் ஒன்றாக நீர்க்கும். அதில் வரும் எண்ணை 5ஆல் பெருக்குங்கள். 42,000 வந்தால் 2,10,000. குழாயை நன்றாகக் கலக்கிய உடனே எடுங்கள். இப்படிப்பட்ட ரத்தத்தில் வெள்ளணு அடுக்கு சீக்கிரமே பிரிந்து நிற்கும். அந்த அடுக்கிலிருந்து பிப்பெட் உறிஞ்சினால் எண் தாறுமாறாகப் போகும்.

அடுத்து ஸ்லைடில் உட்கருவுள்ள சிவப்பணுக்களைத் தேடுங்கள். கருவி அவற்றையும் வெள்ளணு என்றே எண்ணியிருக்கும். 100 வெள்ளணுவுக்கு அவை 5 இருந்தால், 2,10,000ஐ 100ஆல் பெருக்கி 105ஆல் வகுக்க வேண்டும். சரியான எண் 2,00,000.

ஹீமோகுளோபின் ஏன் ஏறித் தெரிகிறது? கருவி சிவப்பணுவைக் கரைத்துவிட்டு அந்தக் கரைசலின் ஊடே ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கரையாத வெள்ளணு உட்கருக்கள் லட்சக்கணக்கில் மிதந்தால் கரைசல் கலங்கும், ஒளி தடைபடும். அந்தத் தடையையும் ஹீமோகுளோபின் என்றே கருவி கணக்குப் போடும். எம்சிஎச்சி (சிவப்பணுவில் ஹீமோகுளோபினின் செறிவு) 36க்கு மேல் போயிருந்தால் இது நடந்திருக்கிறது என்று பொருள். திருத்துவதற்கு டிராப்கின் கரைசல் போதும். 5 மி.லி. கரைசலில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டு, சில நிமிடம் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் 540 நானோமீட்டரில் படியுங்கள்.

சிவப்பணு எண்ணிலும் இதே தொல்லை உண்டு. சிவப்பணு எண்ணும் இடத்தில் வெள்ளணுவும் சேர்ந்தே எண்ணப்படுகிறது. சாதாரண ரத்தத்தில் அது ஒரு பொருட்டே அல்ல. இங்கே 33 லட்சம் காட்டினால் அதில் 2 லட்சம் வெள்ளணு, மீதி 31 லட்சம்தான் சிவப்பணு. பிசிவியை (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) நுண்குழாயில் சுற்றிப் பாருங்கள். சிவப்பணுத் தூணின் மேல் வெள்ளைப் படலம் வழக்கமாகக் கோடுபோல இருக்கும். இந்தக் குழாயில் அது தயிர் ஏடு மாதிரி தடித்து நிற்கும். அதை விட்டுவிட்டு, சிவப்புத் தூணை மட்டும் அளங்கள். பிசிவி 29, ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஹீமோகுளோபினின் மூன்று மடங்கு பிசிவிக்கு அருகில் வர வேண்டும் என்பது பழைய கணக்கு, இன்றும் கைகொடுக்கும்.

ஸ்லைடை ரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் இழுத்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏவில் வெகுநேரம் கிடந்த அணு உப்பும், உட்கரு பிளவுபட்டதுபோலத் தெரியும், குமிழ்கள் விழும். மைலோசைட்டா மோனோசைட்டா என்று தடுமாறுவது அங்கேதான். 2 முதல் 3 மி.மீ. அகலத் துளி, 30 முதல் 45 டிகிரி சாய்வு, நாக்கு வடிவில் முடியும் படலம். வெளுத்த ரத்தம் நீர்த்திருப்பதால் சாய்வைக் கொஞ்சம் கூட்டினால்தான் படலம் நிற்கும். லீஷ்மன் சாயத்தை 2 நிமிடம் விட்டு, அதன் மேல் இரண்டு மடங்கு 6.8 பிஎச் பஃபர் ஊற்றி 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் ஒரு பிரச்சினை உண்டு. சாய பாட்டிலைத் திறந்து வைத்தால் மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு சிவப்பணுக்களுக்குள் பளபளக்கும் வளையங்கள் தெரியும், வெள்ளணுத் துகள்களும் தெளிவாக இருக்காது. சின்ன பாட்டில்களில் பிரித்து, இறுக மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

100 அணு எண்ணி முடிக்காமல் 200 எண்ணுங்கள். பேசோஃபில் 3 சதவீதமா 6 சதவீதமா என்பது 100இல் அதிர்ஷ்டத்தைப் பொறுத்துப் போய்விடும். பெரிய அணுக்கள் படலத்தின் ஓரத்துக்கும் வாலுக்கும் ஒதுங்குவதால், நடுவிலேயே நின்று எண்ணினால் பிளாஸ்ட் குறைந்து தெரியும். ஓரத்திலிருந்து உள்ளே, உள்ளிருந்து ஓரம் என்று கோட்டைச் சுவர்போல வளைந்து வளைந்து போங்கள். 'தானியங்கி வகைப்பாடு பொருந்தவில்லை, ஸ்லைடில் எண்ணியது' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேருங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

கேள்வி: என்ஏபி ஸ்கோர் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் எங்கும் செய்வதில்லை. அவசியமா? (பெரம்பலூர் வாசகர்)

பதில்: அவசியமில்லை. நியூட்ரோஃபிலில் உள்ள ஒரு நொதியைச் சாயமேற்றி மதிப்பெண் போடும் பழைய சோதனை அது. சிஎம்எல்லில் குறைவாகவும் தொற்றில் அதிகமாகவும் வரும். மரபணுச் சோதனை எட்டாத காலத்தில் பெரிதும் உதவியது. பிசிஆர்-ஏபிஎல் பார்க்க முடிகிற இடத்தில் அதைத் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்குக் கூரியரில் சாம்பிள் அனுப்புகிறோம். ஒரு முறை 'உறைந்துவிட்டது' என்றும் இன்னொரு முறை 'தவறான குழாய்' என்றும் திருப்பிவிட்டார்கள். நோயாளியிடம் மறுபடி ஊசி போட நேர்வது சங்கடமாக இருக்கிறது. எதற்கு எந்தக் குழாய்? (கலெக்‌ஷன் சென்டர் ஊழியர்)

பதில்: இந்தச் சோதனைகளில் பாதித் தவறு ரத்தம் எடுக்கும் நாற்காலியிலேயே நடந்துவிடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை), ஸ்லைடு, ஆர்டி-பிசிஆர், ஃப்ளோ சைட்டோமெட்ரி நான்குக்கும் ஊதா மூடி, அதாவது ஈடிடிஏ. குரோமோசோம் சோதனையான கேரியோடைப்புக்கும் ஃபிஷ் சோதனைக்கும் பச்சை மூடி, அதாவது சோடியம் ஹெப்பாரின். காரணம் தெரிந்தால் மறக்காது. கேரியோடைப்புக்கு அணுக்களை லேபில் உயிரோடு வளர்த்து, பிரியும் தறுவாயில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஈடிடிஏ அணுக்களைப் பலவீனமாக்கி வளரவிடாது. ஆர்டி-பிசிஆரில் நடப்பது நொதியின் வேலை. ஹெப்பாரின் அந்த நொதியை முடக்கிவிடும். பச்சைக் குழாயிலும் சோடியமா லித்தியமா என்று லேபிளைப் பாருங்கள். உயிர்வேதியியலுக்கு வைத்திருக்கும் லித்தியம் ஹெப்பாரின் குழாய் கேரியோடைப்புக்கு ஆகாது.

ஒரே ஊசியில் இரண்டும் எடுத்தால் பச்சை முதலில், ஊதா பின்னால். ஊதாவிலிருந்து கொஞ்சம் பச்சைக்கு ஊற்றிக்கொள்ளும் வேலை கூடவே கூடாது. குறி வரை நிரப்புங்கள். குறைந்தால் மிச்ச ஈடிடிஏவில் அணு சுருங்கும், மிஞ்சினால் உறையும். நிரம்பியதும் 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். சிஎம்எல்லில் தட்டணு பலருக்கு எகிறியிருப்பதால் ரத்தம் சட்டென்று உறையும். நான்கு குழாயும் நிரம்பிய பிறகு மொத்தமாகக் கலக்கலாம் என்று வைத்தால் முதல் குழாய் உறைந்திருக்கும். பார்சல் கட்டுமுன் மரக்குச்சியை விட்டுச் சுழற்றிப் பாருங்கள், நூல் மாதிரி எதுவும் ஒட்டி வரக்கூடாது.

அனுப்பும் விதமும் வேறு வேறு. ஆர்டி-பிசிஆர் பார்ப்பது ஆர்என்ஏவை. அது சீக்கிரம் சிதையும். ஊதாக் குழாய் இரண்டில் மொத்தம் 5 முதல் 10 மி.லி. எடுத்து, 2 முதல் 8 டிகிரியில் ஜெல் பேக்குடன் அனுப்புங்கள். 24 மணி நேரத்தில் சேர்ந்தால் நல்லது, 48ஐத் தாண்ட விடாதீர்கள். குழாய் ஐஸில் நேராகப் படக்கூடாது. உறைந்து உருகிய ரத்தத்தில் அணு உடைந்துவிடும். குழாய்க்கும் ஜெல் பேக்குக்கும் நடுவே துணியோ தடித்த காகிதமோ வையுங்கள். கேரியோடைப், ஃபிஷ், ஃப்ளோ சாம்பிள்களை அறை வெப்பத்திலேயே விடுங்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் வைத்தாலும் போயிற்று.

எடுக்கும் நாள் திங்கள், செவ்வாய், புதனாக இருக்கட்டும். வெள்ளி மாலை கிளம்பும் பார்சல் ஞாயிறு முழுக்கக் கூரியர் கிடங்கில் கிடக்கும். சாம்பிளோடு சிபிசி ரிப்போர்ட், சாயமேற்றாத இரண்டு ஸ்லைடு, எடுத்த தேதியும் மணியும், எந்த நோய் என்று சந்தேகம், என்ன மருந்து ஓடுகிறது என்ற குறிப்பு எல்லாம் போக வேண்டும்.

கேள்வி: இந்தச் சோதனைகளுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா? (சிவகாசி வாசகி)

பதில்: தேவையில்லை. சர்க்கரை, கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் வெறும் வயிறு.

கேள்வி: ரத்தத்திலேயே பிசிஆர்-ஏபிஎல் பாசிட்டிவ் வந்துவிட்டது. பிறகும் இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுக்க வேண்டும் என்கிறார்கள். அம்மா பயப்படுகிறார். தவிர்க்கலாமா? (திருவாரூர் வாசகர்)

பதில்: நோய் என்ன என்பது ரத்தத்திலேயே தெரிந்துவிட்டது, உண்மைதான். அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்குத்தான் மஜ்ஜை. பிளாஸ்ட் அணுக்கள் ரத்தத்தில் குறைவாகவும் மஜ்ஜையில் அதிகமாகவும் இருப்பதுண்டு. ரத்தம் சொல்லும் 3 சதவீதத்தை மட்டும் நம்பித் தொடங்கிவிட்டு, மஜ்ஜையில் 20 சதவீதம் இருந்திருந்தால் மருந்தே வேறாகியிருக்கும். கேரியோடைப்புக்கும் மஜ்ஜைதான் நல்ல விளைச்சல் தரும். வழக்கமாக 20 மெட்டாஃபேஸ் (பிரியும் தறுவாயில் உள்ள) அணுக்களைப் பார்ப்பார்கள். பிலடெல்பியா குரோமோசோமுடன் கூடுதலாக வேறு கோளாறுகள் சேர்ந்திருந்தால் கேரியோடைப் மட்டுமே காட்டிக்கொடுக்கும். ஆர்டி-பிசிஆர் தான் தேடப் போன ஒன்றைத்தான் காணும். ஃபிஷ் 200 அணுக்களில் நிறப்புள்ளிகளை எண்ணும், வளர்க்க வேண்டியதில்லை என்பதால் சீக்கிரம் முடியும்.

ஸ்லைடு அப்பட்டமாக சிஎம்எல் என்று சொல்லி, ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் வந்தால் ஃபிஷ் கேளுங்கள். பிசிஆர்-ஏபிஎல் ஒட்டும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலானோருக்கு இ13ஏ2 அல்லது இ14ஏ2. சிலருக்கு இ1ஏ2, இ19ஏ2 என்று அபூர்வ வகைகள். முதல் இரண்டுக்கு மட்டும் அமைந்த கிட் மற்றவற்றைத் தவறவிடும். எந்த வகை என்பது முதல் ரிப்போர்ட்டிலேயே இருக்க வேண்டும், பின்னால் கண்காணிப்பு முழுக்க அதை வைத்துத்தான்.

மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் மஜ்ஜை எடுப்பார்கள். உறிஞ்சும் அந்தச் சில நொடிகள் சுருக்கென்று இழுக்கும், அதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் உறிஞ்சலில் ஸ்லைடுக்குக் கால் மி.லி. போதும், அதிகம் இழுத்தால் ரத்தம் கலந்துவிடும். கேரியோடைப்புக்கு அடுத்த உறிஞ்சலில் எடுப்பார்கள்.

கேள்வி: பாட்டிக்கு 71 வயது. கண்புரை அறுவைக்கு முன் பார்த்ததில் வெள்ளணு 24,000, அதில் லிம்ஃபோசைட் 78 சதவீதம். 'ஸ்மட்ஜ் அணுக்கள் உள்ளன' என்று எழுதியிருக்கிறது. பாட்டி நடமாட்டமாக, நன்றாகத்தான் இருக்கிறார். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: முதலில் சதவீதத்தை எண்ணாக மாற்றுங்கள். 24,000இல் 78 சதவீதம் என்றால் 18,720 லிம்ஃபோசைட். நாள்பட்ட லிம்ஃபோசைட் வகையான சிஎல்எல் என்று சொல்ல, ஒரே மூலத்திலிருந்து பெருகிய பி லிம்ஃபோசைட்டுகள் மைக்ரோலிட்டருக்கு 5,000 அல்லது அதற்கு மேல், மூன்று மாதமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். வைரஸ் காய்ச்சலிலும் லிம்ஃபோசைட் ஏறும், ஆனால் வாரக்கணக்கில் இறங்கிவிடும். பாட்டியின் பழைய சிபிசி ரிப்போர்ட் ஏதாவது வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். இரண்டு வருடம் முன்பே 12,000 இருந்தது என்று தெரிந்தால் அதுவே பாதி விடை.

ஸ்மட்ஜ் அணு என்பது ஸ்லைடு இழுக்கும்போது நசுங்கிய லிம்ஃபோசைட். சிஎல்எல் அணுக்கள் மென்மையானவை, கண்ணாடி உரசியதும் உட்கரு பரவி, ஈரக் காகிதத்தில் விழுந்த மைத்துளிபோல ஓரம் கலைந்து கிடக்கும். எண்ணும்போது இவற்றையும் லிம்ஃபோசைட்டாகவே சேர்க்க வேண்டும், விட்டால் சதவீதம் தப்பாகும். ரத்த வங்கியில் இருக்கும் 22 சதவீத போவைன் ஆல்புமின் ஒரு துளியை ஐந்து துளி ரத்தத்துடன் கலந்து இன்னொரு ஸ்லைடு இழுத்தால் அணுக்கள் நசுங்காமல் முழுசாகத் தெரியும். லேபில் கேட்டுப் பாருங்கள். சின்ன, வட்டமான அணுக்களா, பிளவுள்ள உட்கருவா, நடுவில் நியூக்ளியோலஸ் துருத்தும் பெரிய அணுக்களா என்பது அதில்தான் தெளிவாகும்.

உறுதிசெய்வது ஃப்ளோ சைட்டோமெட்ரி. ஊதாக் குழாயில் 2 முதல் 3 மி.லி. போதும், 48 மணி நேரத்துக்குள். அணுவின் மேலுள்ள குறிகளில் ஒளிரும் எதிர்ப்பொருளை ஒட்டி, ஆயிரக்கணக்கான அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிடுவார்கள். பி அணுவின் குறியான சிடி19உடன், வழக்கமாக டி அணுவில் காணும் சிடி5உம் ஒரே அணுவில் வர வேண்டும். சிடி23 பாசிட்டிவ், சிடி20 மங்கல். கப்பா, லாம்டா என்ற இரண்டு சங்கிலிகளில் ஒன்று மட்டுமே இருக்க வேண்டும். இயல்பான பி அணுக் கூட்டத்தில் இரண்டும் கலந்திருக்கும். ஒன்று மட்டும் என்றால் அத்தனையும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று பொருள். இங்கே ஒரு வழுக்கல் உண்டு. பிளாஸ்மாவிலும் கப்பா, லாம்டா கரைந்து கிடக்கும். எதிர்ப்பொருள் சேர்க்குமுன் அணுக்களை பஃபரில் இரண்டு மூன்று முறை கழுவாவிட்டால், எதிர்ப்பொருள் எல்லாம் பிளாஸ்மாவிலேயே செலவாகிவிடும், அணுவில் ஒன்றுமே இல்லை என்று படம் வரும்.

சிடி5 பாசிட்டிவ், சிடி23 நெகட்டிவ் என்றால் மேன்டில் செல் லிம்ஃபோமா என்ற வேறொரு புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். வெளித்தோற்றம் சிஎல்எல் மாதிரியே இருக்கும், சிகிச்சையின் அவசரம் வேறு. அதற்கு 11ஆம், 14ஆம் குரோமோசோம் இடமாற்றத்தை ஃபிஷ்ஷில் பார்ப்பார்கள்.

சிஎல்எல் என்றே வந்தாலும் உடனே மருந்து என்று இல்லை. ஹீமோகுளோபின் 11க்கு மேல், தட்டணு 1 லட்சத்துக்கு மேல், தொந்தரவு எதுவும் இல்லை என்றால் சில மாதத்துக்கு ஒரு முறை சிபிசி பார்த்துக்கொண்டே பல வருடம் இருப்பவர்கள் ஏராளம். 17பி இழப்பு, டிபி53 மாற்றம், ஐஜிஎச்வி என்ற விலை கூடிய மரபணுச் சோதனைகள் சிகிச்சை தொடங்கும் நேரத்தில்தான் கட்டாயம். இன்றே எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஹீமோகுளோபின் திடீரென்று இறங்கினால் நேரடி கூம்ஸ் சோதனை முதலில். இந்த நோயில் உடம்பே தன் சிவப்பணுவை அழிப்பது உண்டு.

கேள்வி: அண்ணனுக்கு சிஎல்எல், வெள்ளணு 2 லட்சத்துக்கு மேல். பொட்டாசியம் 7.1 என்று வந்து ஐசியூவில் சேர்க்கச் சொன்னார்கள். ஈசிஜி நன்றாக இருக்கிறது. என்ன நடக்கிறது? (ஓசூர் வாசகர்)

பதில்: ஆளைக் கண்காணிப்பில் வைத்தபடியே, அந்த நிமிடமே மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு வெள்ளணு இருக்கும்போது அவை குழாயிலேயே உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியத்தைக் கொட்டிவிடும். உடம்பில் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். பட்டையை இறுக்கிக் கட்டி வெகுநேரம் வைத்தாலும், மெல்லிய ஊசியில் பலமாக உறிஞ்சினாலும், மருத்துவமனையின் காற்றுக்குழாய் வழியாகக் குழாயை அனுப்பினாலும் இது கூடும். சீரம் குழாயில் ரத்தம் உறையும்போது உடைவது ஒரு வகை. சிஎல்எல்லில் சிலருக்கு ஹெப்பாரின் குழாயில்தான் அதிகமாக உடைகிறது. அதனால் சீரத்துக்குப் பதில் பிளாஸ்மா என்ற வழக்கமான யோசனை இங்கே ஏமாற்றலாம். ரத்தத்தைச் சுற்றாமல், கையாலேயே கொண்டுபோய், ரத்த வாயு கருவியில் முழு ரத்தமாக உடனே பார்ப்பது நம்பகமானது. அதில் 4.2 வந்தால் 7.1 குழாயில் நடந்த கதை.

சர்க்கரையிலும் இதேபோல உண்டு, தலைகீழாக. குழாயில் கிடக்கும் வெள்ளணு குளுக்கோஸைத் தின்றுவிடும், 40 என்று வரும், ஆள் தெளிவாக உட்கார்ந்திருப்பார். சாம்பல் மூடி ஃப்ளோரைடு குழாயில் எடுத்து, தாமதிக்காமல் பிரித்துப் பார்க்க வேண்டும். 'வெள்ளணு 2 லட்சம்' என்பதை அண்ணனின் ஒவ்வொரு லேப் சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: சிஎம்எல்லுக்கு மூன்று வருடமாக இமாடினிப் சாப்பிடுகிறேன். போன முறை பிசிஆர்-ஏபிஎல் 0.08 சதவீதம், இந்த முறை வேறு லேபில் 0.15. மருந்து தோற்றுவிட்டதா? (ஈரோடு வாசகர்)

பதில்: இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்ணுக்குக் கீழே 'சர்வதேச அளவுகோல்' என்று இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு லேபும் தன் முறையில் வரும் எண்ணை ஒரு மாற்றுக் காரணியால் பெருக்கித்தான் அந்த அளவுகோலுக்குக் கொண்டுவருகிறது. ஒரு ரிப்போர்ட்டில் அது இல்லையென்றால் இரண்டு எண்ணையும் ஒப்பிடவே கூடாது. அடுத்து ஏபிஎல் நகல் எண்ணிக்கை. அது 10,000க்குக் குறைந்தால் ரத்தத்திலிருந்து போதுமான ஆர்என்ஏ கிடைக்கவில்லை. அந்த ரிப்போர்ட்டின் நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒருசேர ஒதுக்கிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் 100 என்பது சிகிச்சைக்கு முன்பிருந்த சராசரி அளவு. 0.1 என்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மருந்து தொடங்கி 3 மாதத்தில் 10க்குள், 6 மாதத்தில் 1க்குள், 12 மாதத்தில் 0.1க்குள் வர வேண்டும் என்பதே இலக்கு. நீங்கள் 0.1 என்ற கோட்டைத் தாண்டியிருக்கிறீர்கள். அதனால் அலட்சியம் வேண்டாம். அதே சமயம் 0.08உம் 0.15உம் இரண்டு மடங்குக்குள்தான் இருக்கின்றன. ஒரே குழாய் ரத்தத்தை இரண்டு லேபுக்குக் கொடுத்தாலே இந்த வித்தியாசம் வரக்கூடும். மூன்று மாத முடிவுக்குக் காத்திராமல் ஒன்றிரண்டு மாதத்தில், பழைய லேபிலேயே திரும்பப் பாருங்கள். அங்கேயும் ஏறிக்கொண்டே போனால் ஏபிஎல் மரபணுவில் புதிய மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டி315ஐ என்ற மாற்றம் இருந்தால் இமாடினிப் வேலை செய்யாது, வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனது? வாந்தி வந்ததால் விட்டது, பயணத்தில் மறந்தது, மாத்திரை தீர்ந்து நான்கு நாள் கழித்து வாங்கியது, எல்லாவற்றையும் காலண்டரைப் பார்த்து எண்ணி எழுதுங்கள். இடையில் வேறு நோய்க்கு மருந்தோ நாட்டு மருந்தோ சாப்பிட்டிருந்தால் அதையும் சேருங்கள். சில மருந்துகள் இமாடினிப்பின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அப்படி ஒன்று. அடுத்த சாம்பிள் கொடுக்கும் அன்று அந்தத் தாளையும் மருத்துவரிடம் கொடுங்கள்.